உளி பிடித்தவன் பேர்

திருப்பூரிலிருந்து அவிநாசி போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். முதலில் பனியன் கம்பெனி போர்டுகளாக வரும். அப்புறம் அனுப்பர்பாளையம், பாத்திரப் பட்டறை. அதையும் தாண்டினால் ரோட்டோரம் திடீரென்று ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் தலை மட்டும் முடிந்த நந்தி. அதற்குப் பின்னால் தகரக் கொட்டகை, வெள்ளைத் தூசி, உளிச் சத்தம். அதுதான் திருமுருகன்பூண்டி.

தேவாரம் படித்தவர்களுக்கு இந்த ஊரை வேறு விதமாகத் தெரியும். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னையும் பொருளையும் எடுத்துக்கொண்டு வந்த சுந்தரரை வேடர்கள் வழிமறித்துப் பிடுங்கிய இடம் இது. வேடர்களை அனுப்பியதே சிவபெருமான்தான் என்பது கதை. சுந்தரர் சும்மா இருப்பாரா? இப்படிக் கொள்ளைக்காரன் ஊரில் உனக்கு என்ன வேலை என்ற ரீதியில் சாமியையே ஒரு பிடி பிடித்தார். பொருள் திரும்பி வந்தது. சாமியிடம் தனக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்கிய ஒரு மனிதர் நின்ற ஊர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் போனது ஒரு நண்பருடன். திருப்பூரில் சின்னதாக யூனிட் வைத்திருக்கிறார். ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு டி-ஷர்ட் தைத்து அனுப்புகிறவர். கம்பெனி வாசலுக்கு ஒரு பிள்ளையார் சொல்ல வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார். ஐம்பது வயதிருக்கும் ஒரு சிற்பி, தும்பிக்கை வளைகிற இடத்தில் உளி வைத்துப் பொளிந்துகொண்டிருந்தார். ஒரு தட்டு, ஒரு ஊது. ஒரு தட்டு, ஒரு ஊது. விலை பேசி முடிந்த பிறகு, சும்மா இருக்க முடியாமல் நான் கேட்டேன்: ''இதுல உங்க பேரை எங்க போடுவீங்க?''

அவர் சிரித்தார். ''சாமி மேல நம்ம பேரப் போட்டா நல்லாவாங்க இருக்கும்?''

நண்பர் குறுக்கே புகுந்தார். ''நம்ம கதைதாங்க இது. தைக்கிறது திருப்பூர்க்காரன், கழுத்துல இருக்கற லேபிள் எவனோ ஒருத்தனுது.''

சிற்பிக்கு அது பிடிக்கவில்லை. ''அது வேறங்ணா, இது வேற'' என்று சொல்லிவிட்டு மறுபடி தும்பிக்கைக்குத் திரும்பிவிட்டார்.

வேறா, ஒன்றா? பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆரம்பித்த இந்தக் குடைச்சல் இன்னும் நிற்கவில்லை. அதனால்தான் இந்த வாரம் ஒரு கல் சிற்பியைப் பற்றி எழுதுகிறேன். நம் காலத்தில், கல்லில் வேலை செய்தும் பேர் கிடைத்தவர் அவர். வை.கணபதி ஸ்தபதி.

1927-ல் பிள்ளையார்பட்டியில் பிறந்தவர். அப்பா வைத்தியநாத ஸ்தபதி. தலைமுறை தலைமுறையாகக் கல்லோடு புழங்கிய குடும்பம். ஆனால் பையனை உளியோடு நிறுத்தாமல் காலேஜுக்கும் அனுப்பினார்கள். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கினார். ஸ்தபதி வேலையில் பாதி கணக்குதான் என்பதால் இது வீணாகவில்லை. பழனி கோயிலில் ஸ்தபதியாக வேலை பார்த்தார். 1957-ல் மாமல்லபுரத்தில் அரசாங்கம் சிற்பப் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது அதன் பொறுப்பு அப்பாவிடம் வந்தது. அவருக்குப் பிறகு மகன். சுமார் 27 வருஷம் அதை நடத்தினார். பட்டப்படிப்புக் கல்லூரியாக அது வளர்ந்தது அவர் காலத்தில்தான். 2009-ல் பத்மபூஷண். 2011 செப்டம்பரில் காலமானார்.

இவ்வளவும் எந்த மலரிலும் கிடைக்கிற தகவல். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பள்ளிக்கூடம் வருவதற்கு முன்னால் இந்த வித்தை எப்படிக் கைமாறியது என்று பாருங்கள். அப்பாவிடமிருந்து மகனுக்கு. இல்லாவிட்டால் மாமனிடமிருந்து மருமகனுக்கு. வீட்டுக்கு வெளியே போகாது. அதை வகுப்பறையில் வைத்து, அட்டெண்டன்ஸ் எடுத்து, பரீட்சை வைத்து, எந்த வீட்டுப் பையனும் கற்றுக்கொள்ளலாம் என்று ஆக்கிய காரியம் இருக்கிறதே, அதற்கு முன்னால் அவர் வைத்த சிலைகள் எல்லாமே எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

சிலைகளுக்கு வருவோம். வள்ளுவர் கோட்டம், 1976. திருவாரூர்த் தேரைப் பார்த்துக் கல்லில் செய்த தேர் அங்கே நிற்கிறது. மரத்தில் செய்ததைக் கல்லில் செய்து காட்டுவது தமிழ்நாட்டுச் சிற்பிகளுக்குப் பழைய விளையாட்டு. மாமல்லபுரத்து ரதங்களே அதுதான். ஆனால் அங்கே பாறை எவ்வளவு இருந்ததோ அவ்வளவுக்குள் ரதம் அடங்கியது. வள்ளுவர் கோட்டத்தில் தேரின் உயரம் 128 அடி. கழுத்து வலிக்கிறது என்பதைத் தவிர மேலே என்ன இருக்கிறது என்று ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? எனக்கு இல்லை. கீழே சக்கரங்கள் நன்றாக ஞாபகம் இருக்கின்றன. கைக்கு எட்டுகிற உயரத்தில் அவர் ஆட்கள் செய்த வேலை அற்புதம். எட்டாத உயரத்தில் அது வெறும் அளவு.

கன்னியாகுமரியிலும் இதே பிரச்னை, பெரிய அளவில். 133 அடி, அதிகாரத்துக்கு ஓர் அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடி பீடம். பொருளும் இன்பமும் சேர்த்து 95 அதிகாரங்களுக்கு 95 அடி சிலை. கணக்கு படித்தவர் கணக்கு. 1979-ல் அடிக்கல் நட்டு, 1990-ல் வேலை தொடங்கி, 2000 ஜனவரி 1-ம் தேதி திறந்தார்கள். 3,681 கற்கள். மொத்த எடை 7,000 டன். உள்ளே கூடு. இரும்புச் சட்டம் வைத்துக் கட்டியதல்ல. கல் மேல் கல் கோத்த வேலை. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்து போனது. சிலை நின்றது.

இடுப்பில் ஒரு சின்ன வளைவு கொடுத்திருக்கிறார் கவனித்தீர்களா? நேராக நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், வேலையும் பாதி. 95 அடி உயரத்தில் கருங்கல்லை இடுப்பில் வளைத்து நிறுத்துவது சர்க்கஸ். முதலில் மரத்தில் மாதிரி செய்து பார்த்து, பாரம் இறங்குகிற கோட்டைக் கண்டுபிடித்துக்கொண்டுதான் கல்லுக்குப் போனார். அந்த வளைவுதான் சிலைக்கு உயிர். படகில் போகும்போது, முன்பக்கமும் இல்லாமல் பக்கவாட்டும் இல்லாமல் ஒரு சாய்வில் பார்க்க நேரும் அந்த ஒன்றிரண்டு நிமிஷத்தில், கல் நடக்கப் போகிறதோ என்று தோன்றும்.

ஆனால் முகம்? இதைச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. முகத்தில் வள்ளுவரை நான் பார்க்கவில்லை. ஓர் அரசரைப் பார்க்கிறேன், அல்லது ஒரு சாமியை. அது ஸ்தபதியின் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். அவருடைய மரபில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் தியான சுலோகம் இருக்கிறது. எத்தனை கை, கையில் என்ன, எந்தக் கால் மடங்கியிருக்கும் என்று எல்லாம் அதில் உண்டு. அளவுக்குத் தாலமானம் இருக்கிறது. முகத்தின் நீளம் ஒரு தாலம், அதாவது 12 அங்குலம் என்று வைத்துக்கொண்டு, சிவனுக்குப் பத்துத் தாலம், பிள்ளையாருக்கு ஐந்து என்று போகும் கணக்கு அது. நம் இஞ்ச் டேப் அங்குலம் இல்லை, இது வேறு. வள்ளுவருக்கு எந்தச் சுலோகமும் கிடையாது. அவரைப் பார்த்தவர் யாரும் இல்லை. வேணுகோபால் சர்மா வரைந்த படம் ஒன்றுதான் நம் எல்லோர் தலையிலும் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மனுஷனைச் செய்யச் சொன்னார்கள், அவர் கைக்குத் தெரிந்தபடி தெய்வத்தைச் செய்துவிட்டார். அவ்வளவுதான்.

பாதங்களைப் பாருங்கள். கீழே, ஜனங்கள் நின்று போட்டோ எடுக்கிற இடத்தில் இருக்கும் அந்தப் பாதங்கள். விரல்களும் நகங்களும் நரம்பு தெரியாத மிருதுவும். உலகத்தில் இதைவிட உயரமான சிலைகள் வந்துவிட்டன, நம் நாட்டிலேயே வந்துவிட்டது. இந்த மாதிரி பாதம் அவற்றில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அவர் பேச்சுக்களில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் மரபின் மயனும் மத்திய அமெரிக்காவின் மாயன்களும் ஒன்று என்று நம்பினார், அங்கேயே போய்ப் பார்த்தும் வந்தார். பெயர் ஒற்றுமையை வைத்துக் கட்டிய அந்தக் கோபுரத்தை வரலாற்று ஆய்வாளர்கள் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. கல்லில் பாரம் எங்கே இறங்கும் என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவருக்கு ஒரு வாதத்தில் எது தாங்காது என்று தெரியாமல் போனது ஆச்சரியம்தான்.

இப்போது ஒரு கேள்வி. குமரிச் சிலை என்றால் கணபதி ஸ்தபதி. சரி. பத்து வருஷம் அங்கே உளி அடித்தவர்களில் ஒருவர் பேராவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தஞ்சைப் பெரிய கோயிலிலும் இதே கதை. கல்வெட்டில் பெருந்தச்சன் பேர் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன். தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பேர், யாருக்கு எந்த வீடு என்பது வரைக்கும் இருக்கிறது. விமானத்துச் சிலைகளை ஒவ்வொன்றாகச் செதுக்கிய கைகளுக்குப் பேர் இல்லை. அத்தனை பேரையும் கல்லில் வெட்டியதும் ஒரு கல்தச்சன்தான் என்பதை யோசித்தால் சிரிப்பதா, என்ன செய்வதா தெரியவில்லை.

கொஞ்சம் தூரம் போய்விட்டு வருவோம். வட துருவத்துக்குப் பக்கம், கனடாவின் பாஃபின் தீவு. அங்கே கின்ங்கைட் என்று ஓர் ஊர், 2020 வரைக்கும் கேப் டார்செட் என்று பேர். அந்த ஊரில் ஒசுயிடாக் இபீலி என்று ஒரு கல் சிற்பி இருந்தார். இனுயிட் ஆள். நம் பாடப் புத்தகங்களில் எஸ்கிமோ என்று போட்டிருப்பார்களே, அவர்களேதான். அந்தப் பெயர் அவர்களுக்குப் பிடிக்காது. 1923-ல் பிறந்து 2005-ல் மறைந்தார்.

இனுயிட் மக்களுக்குக் கல் புதிதல்ல. சீல் கொழுப்பு ஊற்றி எரிக்கிற விளக்கையே மாக்கல்லில்தான் குடைந்து வைத்திருந்தார்கள். நம் பாட்டிமார் புளிக்குழம்பு வைத்த கல்சட்டி இருக்கிறதல்லவா, அந்த ஜாதிக் கல். அவன் பனியில் விளக்கேற்றினான், நாம் குழம்பு வைத்தோம். 1948-ல் ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற கனடாக்காரர் அந்தப் பக்கம் படம் வரையப் போனார். அவர்கள் செதுக்கிய சின்னச் சின்ன உருவங்களைப் பார்த்து அசந்து, கொண்டுவந்து காட்டினார். 1949-ல் மாண்ட்ரியலில் விற்பனைக்கு வைத்தபோது மூன்றே நாளில் எல்லாம் தீர்ந்துபோனது. அதிலிருந்து பிடித்தது மார்க்கெட். நம் நண்பர்கள் ஐரோப்பிய ஆர்டர் வந்தால் சொல்வது போல.

ஆனால் செய்தவன் பேர்? அப்போது கனடா அரசாங்கம் இனுயிட் மக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டத் தகடு கொடுத்திருந்தது. அதில் ஒரு நம்பர். இவர்கள் பேர் வாயில் நுழையவில்லை, குடும்பப் பேர் என்ற வழக்கமும் இல்லை, அதனால் நம்பர். 1941-ல் தொடங்கிய இந்த வழக்கம் எழுபதுகள் வரை போனது. அந்தக் காலத்துச் சிலைகளைத் திருப்பிப் பார்த்தால் அடியில் அந்த நம்பரைத்தான் செதுக்கியிருப்பார்கள். 1958-ல் இதன் மேல் இக்லூ படம் போட்ட அரசாங்க லேபிள் ஒன்றும் வந்தது, போலிச் சரக்கைத் தடுக்க.

இத்தனைக்கும் நடுவில் ஒசுயிடாக் தனக்கென்று ஒரு பேரைச் செதுக்கிக்கொண்டார். எப்படி? அவர் செய்த கரிபூ மான்களின் படம் கிடைத்தால் பாருங்கள். பெரிய உடம்பு, ஒல்லிக்குச்சிக் கால்கள். கல்லில் ஒல்லிக் கால் செய்வது தற்கொலை. ஒரு தட்டு தப்பினால் உடையும், உடைந்தால் ஒட்டாது. சில மான்களை அந்தக் கால்களில் சமநிலையில் நிறுத்திக் காட்டியிருக்கிறார். கன்னியாகுமரியில் 7,000 டன்னை நிறுத்தியவருக்கும் இவருக்கும் ஒரே கவலைதான்: பாரம் எங்கே இறங்குகிறது?

இவரைப் பற்றி ஹூஸ்டன் சொன்ன ஒரு சம்பவம் திருப்பூர்க்காரர்களுக்காகவே நடந்தது போலிருக்கும். 1957 குளிர்காலத்தில் ஒருநாள் இரண்டு சிகரெட் பாக்கெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம் ஒசுயிடாக். இரண்டிலும் ஒரே மாலுமித் தலை. ஒவ்வொரு பாக்கெட்டிலும் இதை ஒருத்தன் உட்கார்ந்து அச்சு அசலாக வரைந்துகொண்டே இருப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று பரிதாபப்பட்டிருக்கிறார். அச்சு என்றால் என்ன என்று விளக்க, ஒசுயிடாக் தந்தத்தில் கீறி வைத்திருந்த ஒரு வேலைப்பாட்டின் மேல் மை தடவி மெல்லிசுக் காகிதத்தை ஒற்றி எடுத்துக் காட்டினார் ஹூஸ்டன். கல்லில் வெட்டிக் காகிதத்தில் ஒற்றுகிற கலை அந்த ஊரில் அங்கே பிறந்தது. 1959-ல் கூட்டுறவுச் சங்கமே வைத்துவிட்டார்கள். இன்றும் உலகம் முழுக்கப் போகிறது.

எனக்கு அந்தப் பரிதாபம் முக்கியம். ஒரே மாதிரி ஆயிரம் தலை வரைகிறவனை நினைத்து, துருவத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கல் சிற்பிக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கிறது. திருப்பூரில் பவர் டேபிளில் உட்கார்ந்து ஒன்றரை ஷிப்ட் ஒரே கழுத்துப்பட்டியை ஓட்டுகிறவருக்காக யார் கஷ்டப்பட்டோம்?

பூண்டிச் சிற்பி சொன்னதன் அர்த்தம் எனக்கு இங்கேதான் கொஞ்சம் பிடிபட்டது. அவர் செய்வதும் பிள்ளையார், போன மாசமும் பிள்ளையார், அதே ஐந்து தாலம். ஆனால் கல் அதே கல் இல்லை. தட்டினால் மணி மாதிரிக் கேட்பது ஆண் கல், மிருதுவாகக் கேட்பது பெண் கல், இரண்டிலும் சேராதது பீடத்துக்கு. தட்டிப் பார்த்து, கேட்டு, எங்கே பொரியும் என்று யோசித்து ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். டி-ஷர்ட்டில் லேபிள்காரன் திருடுவது தைத்தவனின் பேரை. இங்கே சிற்பியே விட்டுக்கொடுக்கிறார், தெரிந்தே. அவர் சொன்னது சரி, இரண்டும் வேறுதான்.

ஆனால் முழுக்கச் சரியா என்றால், அதிலும் சந்தேகம் இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு முன்னால் ஸ்தபதி தங்க உளியால் சிலைக்குக் கண் திறப்பார். அதுவரை காலால் அணைத்து, மேலே ஏறி உட்கார்ந்து, வியர்வை சொட்டச் சொட்டச் செய்த சிலை அது. கண் திறந்து, பிரதிஷ்டை ஆகி, குடமுழுக்கு முடிந்த பிறகு அவர் அந்தக் கர்ப்பக்கிரகத்துக்குள் போக முடியாது. நம்மோடு வரிசையில் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான். பேரை அவர் விட்டுக்கொடுத்தார், சரி. உள்ளே போகும் உரிமையை யார் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்? சுந்தரர் மாதிரி நின்று சண்டை போட இங்கே யாரும் இல்லை.

கணபதி ஸ்தபதி வடிவமைத்த இன்னொரு கோயில் ஹவாயில், கவாய் தீவில் இருக்கிறது. இறைவன் கோயில். வெள்ளைக் கருங்கல். மெஷின் தொடக் கூடாது, கை உளி மட்டும்தான் என்று அமெரிக்கச் சாமியார் ஒருவர் தீர்மானமாக இருக்க, பெங்களூருக்குப் பக்கத்தில் 1990-லிருந்து செதுக்கிக் கப்பல் ஏற்றினார்கள். 2023-ல்தான் கும்பாபிஷேகம். ஸ்தபதி பார்க்கவில்லை. கை உளி என்று கேட்க நன்றாக இருக்கிறது. பூண்டியில் கிரைண்டர் ஓடுகிறது. அறுப்பதற்கும் மழிப்பதற்கும் மெஷின், முகத்துக்கும் விரலுக்கும் உளி. இதைப் பார்த்து 'அடடா, பாரம்பரியம் போச்சே' என்று உச்சுக்கொட்ட எனக்கு வாய் வரவில்லை. கல் தூசு நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்ப வராது. கிரைண்டர் தூசு இன்னும் மோசம். பக்கத்தில் பனியன் கம்பெனியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வாரச் சம்பளம் வாங்கலாம் என்றால், சிற்பி வீட்டுப் பையன் எங்கே போவான்? 'எம் பையன் செக்கிங்ல இருக்கானுங்க' என்றுதான் அவரும் சொன்னார்.

நண்பரின் பிள்ளையார் இரண்டு மாதத்தில் தயாரானார். எடுத்துவரப் போனபோது நானும் போனேன். தும்பிக்கை நன்றாக வந்திருந்தது. வளைகிற இடத்தில், தொட்டால் அழுங்கும் போல ஒரு மடிப்பு. நண்பர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பீடத்தில் முன்பக்கம் கம்பெனி பேரைப் போட்டு 'உபயம்' என்று வெட்டிவிடச் சொன்னார். சிற்பி பென்சிலை எடுத்துக் கல்லில் கோடு போட்டார். கம்பெனி பேரை ஒவ்வொரு எழுத்தாக நண்பர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவர், பாதியில் நிமிர்ந்து கேட்டார்:

''ஏனுங்ணா, இந்த எடத்துல ஒத்து வருமுங்களா?''